நெருக்கடி நகரில் வீடும் வீட்டலங்காரமும்

பருத்தி விளைவிப்போருக்கும் துணி நெய்வோருக்கும் மும்பை அந்நிய ஊரன்று. 1995ஆம் ஆண்டு வரை பம்பாய் என்று வழங்கிய அந்நகரம் இன்றைய உருவை அடைந்ததற்குப் பஞ்சு ஒரு பெருங்காரணமாகும். 1854இல் அங்கே முதலாவது நூற்பு நெசவுக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட்டு, இந்தியப் பஞ்சின் விலை பன்மடங்கு ஏறியது. பம்பாய்த் துறைமுகத்தில் பணம் குவிந்தது. பின்னர் ஆலைகள் பெருகின. ஆலைகளில் வேலை செய்யக் கொங்கணத்துக் குடியானவர்களும், வட இந்தியக் கைத்தறி நெசவாளர்களும், தெலுங்கு நாட்டுப் பத்மசாலியரும் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். மாதுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் நிலைபெற்றன.

1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தனர். இன்றும் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் இத்தகைய பெருநகரங்களுக்குச் செல்கின்றனர். சில ஆண்டுகள் கழித்து, “வாடகை கட்டி மாளவில்லை, ஒரு வீடு வாங்கலாமா?” என்று ஊருக்கு எழுதுகின்றனர். தறியில் மிச்சம் பிடித்த பணமும், நிலத்தை ஈடு வைத்துப் பெறும் பணமும் அந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்து நிற்கின்றன. ஆகவே, நெருக்கடி மிகுந்த நகரில் வீட்டைத் தேர்வது எப்படி, தேர்ந்த சிறு வீட்டை வசதியாகவும் அழகாகவும் அமைத்துக்கொள்வது எப்படி என்பதை மும்பையின் அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்குவோம்.

இடநெருக்கடி உண்டான விதம்

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி பெருமும்பையில் சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர் வாழ்ந்தனர். நகரத்தின் பரப்பு ஏறத்தாழ 603 சதுர கிலோமீட்டர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 20,000 பேருக்கு மேல். மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலமாதலால் நகரம் வடக்கு நோக்கித்தான் விரிய முடிந்தது. தொழிலும் அலுவலகங்களும் நெடுங்காலம் தென்கோடியிலேயே இருந்தன. இடநெருக்கடிக்கு இதுவே மூலகாரணம்.

1896இல் பிளேக் நோய் தோன்றிப் பல்லாயிரம் பேரை மாய்த்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகளே நோய்க்கு இருப்பிடம் என்று கருதி, 1898இல் அரசாங்கம் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. தாதர், மாதுங்கா முதலிய பகுதிகளில் அகன்ற வீதிகளும் மனைகளும் வகுக்கப்பட்டன. 1920க்குப் பின் தொழிலாளருக்கென அரசாங்கமே வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய 4 இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பியது. ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை. அறையின் பரப்பு சுமார் 160 சதுர அடி. கழிப்பிடம் பலருக்கும் பொது. இத்தகைய ஒற்றையறை வரிசைக் கட்டடங்களை அவ்வூரார் ‘சால்’ என்பர். நூறாண்டுக் காலம் அந்த அறைகளில் குடும்பங்கள் பெருகி வாழ்ந்தன. இப்போது அவற்றை இடித்து, அறை ஒன்றுக்கு ஈடாக 500 சதுர அடி வீடு தரும் மறுநிர்மாண வேலை நடைபெற்று வருகிறது.

கூட்டுறவு காட்டிய வழி

1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912இல் வந்த சட்டம் பிறவகைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. அதனைப் பயன்படுத்தி 1915இல் பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் உருவாயிற்று. வாடகை வீட்டுக்காரரின் தயவில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்களை ஒன்றுசேர்த்து இதற்காக உழைத்தவர் ராவ் பகதூர் எஸ். எஸ். தல்மாக்கி. இந்நாட்டின் வீட்டுக் கூட்டுறவு இயக்கத்துக்கு அவரை முன்னோடி என்பர்.

இம்முறையின் தத்துவம் எளியது. நிலமும் கட்டடமும் சங்கத்துக்குச் சொந்தம். அங்கத்தினர் சங்கத்தின் பங்குகளை வைத்திருப்பார். அப்பங்குகளின் பேரில் குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்டு. தனியொருவரால் வாங்க இயலாத நிலத்தை நாற்பது குடும்பங்கள் கூடி வாங்குகின்றன. மேற்கூரை ஒழுகினால் நாற்பது பேரின் பணத்தில் பழுது பார்க்கப்படுகிறது. நெசவாளர் சங்கம் நூலை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளிப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை இல்லை.

1960இல் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும், 1963இல் அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. கட்டடம் கட்டி வீடுகளை விற்பவர், வாங்கியோரைக் கொண்டு சங்கம் அமைத்து, நிலத்தின் உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பின்னதன் கருத்து. பலர் சங்கத்தை மட்டும் அமைத்துவிட்டு நிலத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டனர். அதற்குப் பரிகாரமாக 2008இல் சட்டம் திருத்தப்பட்டது. விற்றவர் எழுதித் தர மறுத்தாலும், உரிய அதிகாரியிடம் மனுச் செய்து நில உரிமையைச் சங்கம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இப்போது ஏற்பட்டிருக்கிறது.

எத்தகைய வீடு?

மும்பையில் எளியவர்க்கும் நடுத்தரத்தார்க்கும் கிடைக்கக்கூடிய வீடுகளைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில் முன்பணம் கொடுத்துக் குடியிருப்பது. இது புதிதாகச் செல்பவருக்கு ஏற்றது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இத்தகைய ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும். பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்விப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. காலம் முடிந்த பின்னும் காலி செய்யாதிருப்பவர் இரட்டிப்புத் தொகை கொடுக்க நேரும்.

இரண்டாவது, ‘பகடி’ எனப்படும் பழைய முறை. 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைகளைப் பழைய அளவிலேயே நிறுத்தி வைத்தது. ஆகவே குடியேறுபவரிடம் பெருந்தொகை ஒன்றை முன்னதாக வாங்கிக்கொண்டு, சொற்ப வாடகைக்கு விடும் வழக்கம் மறைமுகமாகப் பரவியது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இதனைச் சட்டபூர்வமாக்கியது. ஆயினும் பகடி கொடுத்தவர் குடிக்கூலிக்காரரே. வீட்டுக்கு உடையவர் ஆகமாட்டார். வாடகை அற்பமாயிருந்தமையால் உடையவர்கள் பழுது பார்க்காது விட்ட கட்டடங்கள் மிகப்பல. குறைந்த தொகை என்று மயங்குவோர், கட்டடத்தின் வயதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, 1977இல் ஏற்பட்ட அரசாங்க வீட்டு வசதி ஸ்தாபனமாகிய ‘ம்ஹாடா’ குலுக்கல் முறையில் விற்கும் வீடு. இதற்கு வருமான வரம்பு உண்டு. மகாராஷ்டிரத்தில் நெடுங்காலம் வசித்தமைக்குச் சான்றும் தேவை. மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளருக்கும் இதே முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன.

நான்காவது, குடிசைப் பகுதிச் சீரமைப்பில் கிடைக்கும் வீடு. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் 225 சதுர அடி என்றிருந்த அளவு பின்னர் 269 ஆகவும், அதன்பின் 300 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவ்வீடுகளைப் பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள் கழியும்வரை விற்கலாகாது. அதற்கு முன் யாரேனும் வெறும் முத்திரைத்தாளில் எழுதித் தருவதாகச் சொன்னால் வாங்குவோர் அஞ்ச வேண்டும்.

ஐந்தாவது, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கிரயம் பெறும் வீடு. நிலையாகத் தங்க நினைப்பவருக்கு இதுவே சிறந்தது. கிரயமும் இதற்கே பெரும்பாலும் அதிகம்.

பத்திரமே அஸ்திவாரம்

வீடு பார்க்கச் செல்பவர் சுவரையும் சன்னலையும் பார்ப்பதற்கு முன் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். வொர்லியில் காம்பா கோலா வளாகத்தில் நேர்ந்தது இதற்குத் தக்க உதாரணம். 1980களில் அங்கே கட்டடங்கள் எழுந்தபோது அனுமதி ஐந்து மாடிக்கே இருந்தது. அதற்கு மேலும் பல மாடிகள் கட்டி விற்கப்பட்டன. வாங்கியோர் முழுக்கிரயம் செலுத்திச் சங்கமும் அமைத்துப் பல ஆண்டுகள் குடியிருந்தனர். 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதியற்ற மாடிகளை இடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2014இல் அம்மாடிகளின் குடிநீர், எரிவாயு, மின்சாரம் துண்டிக்கப்பட்டன. அவ்வழக்கில் முறையிட்டு நின்றதும் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கமே. அஸ்திவாரத்தில் இல்லாத உரிமையைப் பின்னர் அமைந்த சங்கத்தால் உண்டாக்க முடியவில்லை.

ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

கட்டட வரைபடத்துக்கு நகராட்சி அளித்த அனுமதி எத்தனை மாடிக்கு? கட்டி முடிந்தபின் குடியிருக்கத் தகுதியுடையதென வழங்கும் சான்று இருக்கிறதா? நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறிவிட்டதா? விற்பவரின் பெயரில் பங்குச் சான்று இருக்கிறதா? சங்கத்துக்கு அவர் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு? வீடு வங்கியில் ஈடாக இருக்கிறதா?

கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடமாயின், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அத்திட்டம் பதிவு பெற்றதா என்று மாநில ஆணையத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். இச்சட்டம் வாங்குவோருக்கு மற்றொரு நன்மையும் செய்திருக்கிறது. முன்பெல்லாம் மாடிப்படி, லிப்ட், நடைவழி முதலியவற்றையும் சேர்த்து 700 சதுர அடி என்று விற்பார்கள். உள்ளே புழங்கும் இடம் 450 சதுர அடிகூட இராது. இப்போது ‘கார்ப்பெட் ஏரியா’ எனப்படும் உட்பரப்பையே சொல்ல வேண்டும். வெளிச்சுவரின் கனமும், பால்கனியும் இதில் சேரா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். அளவுகோல் நாடாவைக் கையோடு கொண்டு சென்று அளந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. துணி வாங்குபவர் கஜம் அளக்காது வாங்குவாரா?

சங்கத்தின் கணக்கையும் கேட்க வேண்டும். மகாராஷ்டிர வீட்டுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, கட்டடச் செலவில் ஆண்டுக்கு 0.75 சதவீதத்துக்குக் குறையாமல் பழுதுபார்ப்பு நிதிக்கும், 0.25 சதவீதத்துக்குக் குறையாமல் தேய்மான நிதிக்கும் வசூலிக்கப்படும். கட்டடத்துக்கு வயது 15 ஆனபின் 5 ஆண்டுக்கு ஒருமுறையும், 30 ஆனபின் 3 ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளரைக் கொண்டு உறுதியைச் சோதிக்க வேண்டும். மாதச் சந்தா மிகக் குறைவு என்று ஒரு சங்கத்தார் பெருமை பேசினால், நிதியே சேர்க்காமல் இருக்கிறார்களோ என்று ஐயுறுக. பத்தாண்டு கழித்து மேல்தளம் ஒழுகும்போது அப்பணம் முழுவதும் ஒரே தவணையில் கேட்கப்படும்.

வாரிசு நியமனம் பற்றியும் ஒரு சொல். அங்கத்தினர் காலமானபின், அவர் நியமித்தவரின் பெயருக்குச் சங்கம் பங்குகளை மாற்றித் தரும். ஆயினும் அதனால் ஏனைய வாரிசுகளின் சொத்துரிமை அழிந்துபோவதில்லை. நியமனம் செய்துவிட்டோம் என்று உயில் எழுதாது விடுவோரின் மக்கள் பின்னர் நீதிமன்ற வாயிலில் நிற்க நேருகிறது.

தூரமும் கிரயமே

நகரின் நடுவில் 250 சதுர அடிக்குக் கொடுக்கும் விலைக்குத் தொலைவில் 500 சதுர அடி கிடைக்கும். சர்ச்கேட்டிலிருந்து விரார் 60 கிலோமீட்டர் தூரம். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி ரயிலிலும் வழியிலும் செலவிடுபவர், ஆண்டுக்கு 300 நாள் வேலைக்குச் சென்றால் 900 மணி நேரத்தை இழக்கிறார். எட்டு மணி வேலைநாளாகக் கணக்கிட்டால் இது 112 நாள் உழைப்பாகும். நம் நெசவாளர் ஒருவர் ஆண்டில் 112 நாள் தறியை நிறுத்தி வைத்தால் என்ன நஷ்டமோ அவ்வளவு நஷ்டம் இது.

ஆயினும் இதற்குப் பொதுவிடை கிடையாது. குழந்தைகள் இல்லாத இளந்தம்பதியருக்கு வேலைக்கு அருகில் ஓரறை போதும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு, பள்ளியும் மருத்துவமனையும் அருகிலிருந்தால் தொலைவான பெரிய வீடே நன்று. வீட்டிலேயே தையல் முதலிய தொழில் செய்பவர் இடத்தையே முதலாகக் கொள்ள வேண்டும். கணக்கைத் தாளில் எழுதி, விலையும் நேரமும் ரயில் சீட்டும் மாதச் சந்தாவும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வதே முறை.

அலங்காரம் என்பது ஒழுங்கு

சிறு வீட்டில் அலங்காரத்தின் முதற்பாடம், வேண்டாத பொருளை உள்ளே விடாதிருத்தல். பத்தடி அகலமும் பதினாறடி நீளமும் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். தரை 160 சதுர அடி. ஒருவர் படுக்கும் கட்டில் சுமார் 20 சதுர அடியைப் பிடிக்கும். அது அறையில் எட்டில் ஒரு பங்கு. இருவர் படுக்கும் கட்டில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். பகல் முழுதும் யாரும் படுக்காத கட்டிலுக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா? மும்பையின் பழைய அறைகளில் படுக்கையைக் காலையில் சுருட்டி வைக்கும் வழக்கம் நிலைத்தது இக்கணக்கினால்தான்.

தரை சிறிதானாலும் சுவர் சிறிதன்று. அதே அறையின் உயரம் 10 அடியானால் நான்கு சுவர்களும் 520 சதுர அடி. வாயிலும் சன்னலும் நீக்கினாலும் தரையைப் போல மும்மடங்கு மிஞ்சும். ஆகவே பொருள்களைத் தரையிலிருந்து சுவருக்கு ஏற்றுக. மராத்தியர் சமையலிடத்தில் ‘மாண்டணி’ என்னும் பாத்திரத் தட்டு சுவரில் நிற்கும். தட்டும் தம்ளரும் டப்பாக்களும் அதில் வரிசையாக மின்னுவதே அவ்வீட்டின் முதல் அலங்காரம். வாயிலுக்கு மேலே ஏழடி உயரத்தில், அறையின் அகலம் முழுவதும், மூன்றடி ஆழத்தில் பரண் அமைத்தால் 30 சதுர அடி இடம் புதிதாகக் கிடைக்கும். சுவரோடு மடித்து வைக்கும் பலகை பகலில் பிள்ளைகளுக்கு எழுதும் மேசை, இரவில் உணவு மேசை.

அடுத்தது வெளிச்சம். சுண்ணாம்பு வெள்ளையோ, மிக வெளிறிய மஞ்சளோ பூசிய சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்; கருநீலமும் கரும்பச்சையும் அதை விழுங்கிவிடும். சன்னலுக்குப் பக்கச் சுவரில் நிலைக்கண்ணாடி மாட்டினால் அறை அகன்று தோன்றும். சன்னலை அலமாரியால் மறைத்துவிட்டுப் பகலில் விளக்கெரிப்பது பணத்துக்கும் கண்ணுக்கும் கேடு.

மூன்றாவது, ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு அங்குலமாவது விலக்கி வைக்க வேண்டும். கனத்த கம்பளமும் பஞ்சு திணித்த பெரிய சோபாவும் மழைக்காலத்தில் நாற்றமெடுக்கும். துவைத்து உலர்த்தக்கூடிய பருத்தி விரிப்பே அவ்வூருக்கு ஏற்றது.

தடுப்புச் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கலாம் என்னும் ஆசையை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். 2017 ஜூலை 25ஆம் தேதி காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் மாற்றியமைக்கும் வேலை நடந்து வந்ததென்றும், தூண்கள் சேதப்படுத்தப்பட்டன என்றும் அங்கே குடியிருந்தோர் முறையிட்டனர். அடுக்குமாடியில் என் சுவர் என்று ஒன்று தனியே இல்லை. கீழே நிற்கும் தூண் மேலே உறங்கும் குழந்தையைத் தாங்குகிறது. சங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியும் பொறியாளரின் ஆலோசனையும் இன்றி உளிவைத்தல் ஆகாது. பொது நடைவழியிலும் மாடிப்படியிலும் சாமான்களை அடுக்குவதும் அவ்வாறே. தீப்பிடித்தால் ஓடுவதற்கு உள்ள வழி அதுவே.

நமது தறிக்கு உள்ள வேலை

ஓரறை வீட்டுக்குச் சுவர் எழுப்பாமல் அறை பிரிக்கும் சாதனம் திரைச்சீலை. இங்கேதான் நம் நெசவாளர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மேற்சொன்ன அறையில், பின்புறச் சன்னலை ஒட்டி ஆறடியைச் சமையலுக்கும் உடைமாற்றவும் ஒதுக்கி, முன்புறம் பத்தடிச் சதுரத்தை விருந்தினருக்கும் படிப்புக்கும் விடலாம். இடையில் பத்தடி அகலத்துக்குக் கம்பி கட்டித் திரை தொங்கவிட வேண்டும். திரை மடிப்பு விழுந்து அழகாகத் தொங்க, மறைக்கும் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி தேவை. அதாவது 15 அடி. 48 அங்குல அகலத் துணியானால் நான்கு பட்டைகள். ஒவ்வொன்றும் மடித்துத் தைக்கும் அளவையும் சேர்த்து ஏழரை அடி. மொத்தம் ஏறத்தாழ 9 மீட்டர். வாயிற்றிரையும் சன்னல் திரையும் இதற்குப் புறம்பு.

நகரத்துச் சிறு வீட்டார் எத்தகைய துணியை விரும்புவர்? கனம் குறைந்ததாயும், வீட்டிலேயே துவைக்கத் தக்கதாயும், சாயம் போகாததாயும், ஓரிரவில் உலரக்கூடியதாயும் இருப்பதை விரும்புவர். சிறிய அறையில் பெரிய பூவும் அகன்ற கட்டமும் கண்ணை நெருக்கும். மெல்லிய நெடுங்கோடு திரையை உயரமாகக் காட்டும். சன்னலுக்கு வெளிறிய நிறமும், தரைவிரிப்புக்கு அழுக்கு மறைக்கும் அடர்ந்த நிறமும் பொருந்தும். பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை; சுருட்டி மூலையில் நிறுத்தினால் அரையடி இடத்துக்கு மேல் கேட்காதவை. சென்னிமலைப் போர்வையும் கரூர் வீட்டு உபயோகத் துணிகளும் இத்தேவைக்கென்றே பிறந்தவை எனலாம்.

ஆனால் குறைகளும் உண்டு. பருத்தித் துணி முதற்சலவையில் சுருங்கும். ஏழடி வாயிலுக்குச் சரியாகத் தைத்த திரை துவைத்தபின் தரைக்கு எட்டாமல் நிற்கும்போது, வாங்கியவர் கைத்தறியையே குறை கூறுகிறார். துணியை நனைத்து உலர்த்தியபின் தைக்கும்படி சீட்டில் அச்சிட்டு ஒட்டினால் இப்பழி நீங்கும். மேலும் வாயில் 7 அடி, சன்னல் 4 அல்லது 5 அடி என்று அளவு வகுத்து, தைத்த திரைகளாகவே சங்கங்கள் விற்பனைக்கு அனுப்பலாம். ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குலம் அகலமும் 90 அங்குலம் நீளமும் உள்ள விரிப்பு போதும். அளவைத் தெளிவாக அச்சிட்டிருப்பதே பாதி விற்பனை.

உழவர் சங்கத்தாருக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. மூட்டை நெல்லும் குதிரும் வைக்க நகரத்து அறையில் இடமில்லை. பருப்பையும் அரிசியையும் ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளில் தேதியிட்டுக் கொடுக்கும் சங்கமே அவ்வடுப்பங்கரைக்குள் நுழைய முடியும்.

அண்டை வீட்டாரும் வீட்டின் பகுதியே

திரைச்சீலையும் வெள்ளைச் சுவரும் ஒரு வீட்டை அழகாக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டி கழுவப்படாமலும், மாடி விளக்கு எரியாமலும், கணக்கு எழுதப்படாமலும் இருக்கும் கட்டடத்தில் எந்த அலங்காரமும் நிலைக்காது. மாதிரித் துணைவிதிகளின்படி லிப்ட் செலவையும் காவல், துப்புரவு முதலிய பொதுச் செலவையும் அங்கத்தினர் எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றனர். தண்ணீர்ச் செலவு மட்டும் குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. கீழ்வீட்டார் எனக்கு லிப்ட் எதற்கு என்றும், மேல்வீட்டார் எனக்கு முற்றம் எதற்கு என்றும் பேசத் தொடங்கினால் சங்கம் சிதைந்துவிடும்.

பொதுச்சபைக் கூட்டத்துக்குச் செல்லாதவர், தமது வீட்டின் ஒரு பகுதியைப் பூட்டி அதன் சாவியைப் பிறரிடம் கொடுத்தவரே ஆவார். நம் ஊரில் நூல் இருப்பைச் சரிபார்க்கவும், கமிட்டியைக் கேள்வி கேட்கவும், கூலி விகிதத்தை விவாதிக்கவும் பழகிய நாம், இப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து நகரத்துக்கு அனுப்புவோமாக. வீடு வாங்கப் பணம் அனுப்பும் தாய்தந்தையர், பணத்தோடு மூன்று கேள்விகளையும் அனுப்பட்டும்: பத்திரம் சரிதானா? சங்கத்தின் கணக்கைப் பார்த்தாயா? அடுத்த பொதுச்சபை என்றைக்கு? இம்மூன்றுக்கும் நேரான விடை வந்தபின் வாயிற்றிரையின் நிறத்தைப் பற்றி யோசிக்கலாம். அது நம் தறியில் நெய்ததாக இருந்தால் நமக்கெல்லாம் மகிழ்ச்சி.